ஊசி போட்ட கைக்கு என்ன தடை?

தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடா, தடை விதிக்கப்பட்ட விளையாட்டு வீரர்களின் பட்டியலை வெளியிடுகிறது. பெயர், விளையாட்டு, உடலில் கண்டறியப்பட்ட மருந்து, தடைக்காலம் என்று கட்டம் கட்டமாக விவரம் இருக்கும். அந்த மருந்தை வாங்கிக் கொடுத்தவர் யார், ஊசி போட்டவர் யார், அந்த மாணவரின் பதக்கத்தைத் தன் சேர்க்கை விளம்பரத்தில் அச்சடித்துக்கொண்ட கல்லூரி எது என்பதற்கெல்லாம் அதில் கட்டம் கிடையாது. சாதிச் சமூகத்தில் புகழ் மேல்நோக்கி ஏறும். பழி கீழ்நோக்கி இறங்கும். விளையாட்டு மைதானம் மட்டும் இதற்கு விலக்காக இருக்குமா என்ன?

முதலில் கணக்கைப் பார்ப்போம். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடா வெளியிட்ட 2024ஆம் ஆண்டு அறிக்கையின்படி, இந்தியாவில் 7,113 மாதிரிகள் சோதிக்கப்பட்டன. அவற்றில் 260 மாதிரிகளில் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தது. விகிதம் 3.6 சதவீதம். 2022இல் இந்த எண்ணிக்கை 125, 2023இல் 213. பெரிய அளவில் சோதனை நடத்தும் நாடுகளின் வரிசையில் மூன்று ஆண்டுகளாகத் தொடர்ந்து இந்தியாதான் முதலிடம். “சோதனைகளை அதிகப்படுத்தினோம், அதனால் அதிகம் பேர் சிக்குகிறார்கள்” என்பது அதிகாரிகள் தரும் விளக்கம். சீனா நம்மைப் போல மூன்று மடங்குக்கு மேல் சோதனை செய்கிறது. அங்கே சிக்குகிற விகிதம் ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. ஆகவே அந்த விளக்கம் நிற்காது.

சிக்குகிறவர்கள் எந்த விளையாட்டில் அதிகம் என்று பாருங்கள். தடகளம் முதலில், பளுதூக்குதல் அடுத்து, அப்புறம் மல்யுத்தம். டென்னிஸ் மட்டையும் நீச்சல் குளமும் துப்பாக்கியும் வாங்க வழியில்லாத பிள்ளைகள், காலையும் தோளையும் மட்டும் நம்பி நுழைய முடிகிற விளையாட்டுகள் இவை. வேலைக்கு ஒரு சான்றிதழ் வேண்டும் என்று ஓடுகிறவர்களின் விளையாட்டுகளும் இவைதான்.

இது ஒலிம்பிக் அளவில் மட்டும் நடக்கிற சங்கதி என்று நினைத்துவிட வேண்டாம். 2023 செப்டம்பர் 26 அன்று தில்லி ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கில் தில்லி மாநிலத் தடகளப் போட்டியின் கடைசி நாள். நாடா அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்ற செய்தி பரவியது. ஆடவர் 100 மீட்டர் இறுதி ஓட்டத்துக்கு வரவேண்டிய எட்டுப் பேரில் ஒரே ஒருவர்தான் கோட்டில் வந்து நின்றார். தனியாக ஓடித் தங்கம் வாங்கினார். இளையோர் தடை தாண்டும் நெடு ஓட்டத்தில் ஒரு பெண் எல்லைக்கோட்டைக் கடந்த பிறகும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தார். சோதனை அதிகாரி பின்னால் ஓட வேண்டியிருந்தது. அதே அரங்கின் கழிப்பறையில் பயன்படுத்திய ஊசிகள் கிடந்த காட்சி ஊடகங்களில் வந்தது. அங்கே ஓடியவர்கள் உலக சாம்பியன்கள் அல்ல. பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வயதுப் பிள்ளைகள். இந்தியாவின் ஊக்கமருந்துச் சிக்கல் குடியிருக்கும் இடம் இந்த வயதும் இந்த மட்டமும்தான்.

பல்கலைக்கழகங்களுக்கு இதில் என்ன லாபம்? பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் எடுக்கும் புள்ளிகளை வைத்துத்தான் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை தரப்படுகிறது. அதைக் குடியரசுத் தலைவர் கையால் வாங்குகிற படம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்குப் பெரிய மூலதனம். 2020இல் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகளும் தொடங்கிவிட்டன. பதக்கம் கொண்டுவரும் மாணவருக்குக் கட்டணமில்லாப் படிப்பு, விடுதி, சாப்பாடு என்று நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு ஆள் பிடிக்கின்றன. பதக்கம் வராத ஆண்டில் அந்தச் சலுகை என்னவாகும் என்பது விடுதியில் தங்கியிருக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் தெரியும். எழுதப்படாத அந்த நிபந்தனையோடுதான் அவர்கள் தினமும் மைதானத்துக்கு வருகிறார்கள்.

நான் கும்மிடிப்பூண்டி பக்கத்து ஊர்க்காரன். கல்லூரியில் 400 மீட்டர் ஓடியவன். இப்போது சிப்காட் கம்பெனி ஒன்றில் வேலை. ஷிப்ட் இல்லாத மாலைகளில் எங்கள் பகுதிப் பிள்ளைகளோடு மைதானத்தில் நிற்கிறேன். கவரைப்பேட்டை, பொன்னேரி, எளாவூர், ஆரம்பாக்கம் பக்கமிருந்து வரும் இந்தப் பிள்ளைகளில் பலருடைய அப்பாவோ அண்ணனோ இரும்பு உருக்கும் ஆலையிலோ உருட்டாலையிலோ காண்டிராக்ட் தொழிலாளி. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், கையில் கிடைக்கிற சம்பளம், நிரந்தரம் என்ற பேச்சே கிடையாது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் இவர்கள்.

இவர்களுக்கு ஓட்டம் பொழுதுபோக்கு அல்ல. தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, வருமான வரித்துறை, காவல்துறை, ராணுவம் எல்லாவற்றிலும் விளையாட்டு வழி உண்டு. அனைத்திந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் மூன்றாம் இடம் என்ற ஒரு சான்றிதழ் ரயில்வே விண்ணப்பத்துக்குத் தகுதி. மூன்றாவதாக வந்தவருக்கும் நான்காவதாக வந்தவருக்கும் நடுவே சில சமயம் இருப்பது ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு. அந்தப் பத்தில் ஒரு பங்குதான் நிரந்தர வேலைக்கும் காண்டிராக்ட் வேலைக்கும் நடுவே நிற்கிறது. ஊசி விற்கிறவனுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

ஓடுவதற்கு இடமாவது சமமாக இருக்கிறதா? இதே கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தோக்கமூரில், தலித் மக்கள் பொது நிலத்துக்குப் போகும் வழியை மறித்து எழுப்பப்பட்ட தீண்டாமைச் சுவர் பல ஆண்டு எதிர்ப்புக்குப் பிறகுதான் இடிக்கப்பட்டது. ஊரின் பொது இடத்தில் காலை வைக்கவே போராட வேண்டியிருக்கும் பிள்ளைக்குச் செயற்கை ஓடுதளமும் விளையாட்டு மருத்துவரும் ஊட்டச்சத்து ஆலோசகரும் எங்கிருந்து வருவார்கள்? அந்த இடத்தை நிரப்ப ஜிம் அண்ணன் வருகிறார், புரோட்டீன் பவுடர் கடைக்காரர் வருகிறார், “எனக்கு ஒரு கோச்சைத் தெரியும்” என்று சொல்லும் சீனியர் வருகிறார்.

போன ஆண்டு ஒரு பையன் என்னிடம் கேட்டான்: “அண்ணா, மீட்டுக்கு ரெண்டு வாரம் முன்னாடி நிறுத்திட்டா டெஸ்ட்ல தெரியாதாமே?” யார் சொன்னார் என்று கேட்டேன். “எல்லாரும் சொல்றாங்கண்ணா” என்றான். அந்த ‘எல்லாரும்’ என்கிற ஆள் எந்தத் தடைப் பட்டியலிலும் இருக்க மாட்டார். எண்ணெயில் கலந்து போடும் நாண்ட்ரோலோன் ஊசியின் தடயம் மாதக்கணக்கில் சிறுநீரில் தங்கும் என்பதைச் சொன்னேன். அதைவிட முக்கியமானதையும் சொன்னேன்: அது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து. கல்லீரலைக் கெடுக்கும், இதயத்தை வீங்கவைக்கும், ஆணுக்கு விந்தணுவைக் குறைத்து மார்பை வளர்க்கும், பெண்ணுக்குக் குரலை மாற்றி மாதவிடாயை நிறுத்தும். சில மாற்றங்கள் மருந்தை நிறுத்தினாலும் திரும்பாது. ஆவடி பக்கமும் வடசென்னையிலும் ஸ்டீராய்டு பழக்கத்தால் இளைஞர்கள் உயிரிழந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். பந்தயத்தில் தோற்பவர் அடுத்த ஆண்டு ஓடலாம். சிறுநீரகம் தோற்றால் அடுத்த ஆண்டு என்று ஒன்று இல்லை.

இப்போது தண்டனை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். உலக விதியின் அடிப்படை இதுதான்: உன் உடலில் என்ன இருந்தாலும் அதற்கு நீயே பொறுப்பு. தெரிந்து போட்டாயா, தெரியாமல் போட்டார்களா என்பது குற்றம் நடந்ததா என்ற கேள்விக்குத் தேவையில்லை. அனபாலிக் ஸ்டீராய்டு கண்டறியப்பட்டால் தொடக்கத் தண்டனை நான்கு ஆண்டு. வேண்டுமென்று செய்யவில்லை என்று வீரரே நிரூபித்தால் இரண்டு ஆண்டாகக் குறையலாம். அதற்கும் கீழே குறைய வேண்டுமானால், அந்த மருந்து தன் உடலுக்குள் எப்படி வந்தது என்பதை அவரே காட்ட வேண்டும். குற்றச்சாட்டு வந்த இருபது நாட்களுக்குள் குற்றத்தையும் தண்டனையையும் ஏற்றுக்கொண்டால் நான்கில் ஓர் ஆண்டு கழியும்.

இந்த விதியை நான் எதிர்க்கவில்லை. இது இல்லையென்றால் “எனக்குத் தெரியாது” என்ற ஒரு வரியோடு பணக்கார வீரர்கள் எல்லோரும் வழக்கறிஞர் வைத்துத் தப்பிவிடுவார்கள். ஆனால் இந்த விதி யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று கேட்க வேண்டும். தான் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையையும் ஆங்கிலப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவர். மருத்துவர் பக்கத்தில் இருப்பவர். பெட்டியையும் ரசீதையும் பத்திரமாக வைத்திருப்பவர். கடிதம் வந்த இருபது நாளில் சட்ட ஆலோசனை பெற முடிந்தவர். மாதிரி இரண்டு குப்பிகளில் எடுக்கப்படுகிறது. முதல் குப்பியின் முடிவை மறுத்து இரண்டாவது குப்பியைச் சோதிக்கக் கேட்கிற உரிமை வீரருக்கு உண்டு, செலவும் அவருடையது. உரிமை எல்லோருக்கும் ஒன்று. அதைப் பயன்படுத்தும் வசதி ஒன்றல்ல. காண்டிராக்ட் தொழிலாளியின் மகளுக்கு அந்தக் கட்டணம் வீட்டு வாடகை.

நான்கு ஆண்டு என்பது ஒரு கல்லூரி மாணவருக்கு எவ்வளவு? பல்கலைக்கழகப் போட்டிகளுக்கு 25 வயது வரம்பு. இருபது வயதில் சிக்கியவர் தடை முடிந்து வரும்போது இருபத்து நான்கு. தடைக்காலத்தில் எந்த விளையாட்டிலும் அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் இறங்க முடியாது. அணியோடு சேர்ந்து பயிற்சி எடுக்கவும் கடைசி இரண்டு மாதம் வரை முடியாது. கட்டணச் சலுகை போகும், விடுதி போகும், அதோடு படிப்பும் போகும். உலக விதியில் வகுப்பறைக்குத் தடை இல்லை. அந்தத் தடையைத் தன் கைப்பட எழுதுவது கல்லூரி நிர்வாகம். நேற்றுவரை மாணவரைப் பேனரில் போட்ட நிர்வாகம், இன்றைக்கு “அவர் தனிப்பட்ட முறையில் செய்த தவறு” என்று கைகழுவுகிறது.

பொறுப்பு எப்படிக் கீழே இறங்குகிறது என்பதற்கு 2011ஆம் ஆண்டு ஒரு பாடம். அந்த ஆண்டு கோடையில் 4x400 மீட்டர் தொடர் ஓட்டப் பெண்கள் குழுவைச் சேர்ந்த மன்தீப் கவுர், சினி ஜோஸ், அஸ்வினி அக்குஞ்சி, ஜவுனா முர்மு, டியானா மேரி தாமஸ், பிரியங்கா பன்வார் ஆகிய ஆறு பேரும் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார்கள். இவர்களில் மூவர் 2010 தில்லி காமன்வெல்த் போட்டியிலும் குவாங்சோ ஆசியப் போட்டியிலும் தங்கம் வென்ற அணியில் ஓடியவர்கள். ஜவுனா முர்மு ஒடிசாவின் ஆதிவாசிப் பெண். ஒரே முகாம், ஒரே பயிற்சியாளர். அந்தப் பயிற்சியாளரான உக்ரைனின் யூரி ஒகோரோத்னிக் சீனாவிலிருந்து வாங்கி வந்து கொடுத்த ஜின்செங் மாத்திரைகளில் கலப்படம் இருந்தது என்பது பெண்கள் தரப்பின் வாதம். ஒழுங்குக் குழு அதை ஏற்று ஓராண்டு தடை விதித்தது. 2012 ஜூலையில் சர்வதேச விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அதை இரண்டு ஆண்டாக உயர்த்தியது. எதை விழுங்குகிறோம் என்று சோதித்துப் பார்க்காதது அவர்களுடைய கவனக்குறைவு என்பது காரணம். பயிற்சியாளருக்கு என்ன ஆனது? வேலையிலிருந்து நீக்கப்பட்டார். சில ஆண்டுகளில் இந்திய முகாமுக்கே பயிற்சியாளராகத் திரும்பியும் வந்தார். ஆறு பெண்கள் இழந்தது லண்டன் ஒலிம்பிக்கை.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். திருச்சி முடிகண்டம் கிராமத்தின் கோமதி மாரிமுத்து 2019 ஏப்ரல் 22 அன்று தோகாவில் ஆசிய தடகளப் போட்டியின் 800 மீட்டரில் தங்கம் வென்றார். கட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு பரிசுத்தொகை அறிவித்தன. ஒரு மாதத்துக்குள் அவர் சோதனையில் சிக்கிய செய்தி வந்தது. மார்ச் 18 அன்று பாட்டியாலாவில் நடந்த பெடரேஷன் கோப்பையிலேயே அவரிடம் மாதிரி எடுத்திருந்தார்கள். அதன் முடிவு கைக்கு வராமலேயே அவர் தோகாவுக்கு அனுப்பப்பட்டார். மார்ச் முதல் மே வரை எடுத்த நான்கு மாதிரிகளிலும் நாண்ட்ரோலோன் தடயம் இருந்தது. அவர் சொன்ன விளக்கத்தைத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. நான்கு ஆண்டு தடை, பதக்கம் பறிப்பு, அதற்கு மேல் எதிர்த்தரப்புச் செலவுக்காக 1,000 பவுண்டு கட்டச் சொல்லி உத்தரவு.

நான்கு மாதிரியில் மருந்து இருந்தது என்ற உண்மையை நான் மறைக்கப்போவதில்லை. தடை விதிக்கப்பட்டது சரியே. என் கேள்வி வேறு. ஒரு கிராமத்துப் பெண் நாண்ட்ரோலோனைத் தானே கண்டுபிடித்து, தானே அளவு குறித்து, தானே கால அட்டவணை போட்டுக்கொள்வாரா? அந்தச் சங்கிலியில் எத்தனை கைகள் இருந்திருக்க வேண்டும்? நமக்கு நினைவிருப்பது ஒரே ஒரு பெயர். பரிசுத்தொகை அறிவித்த மேடையில் கூட்டம் இருந்தது. தீர்ப்பாயத்தின் முன்னால் அவர் தனியாக நின்றார்.

சங்கிலியை விசாரிக்க விதி இல்லையா என்றால், இருக்கிறது. விற்பது, போட்டுவிடுவது, துணைபோவது எல்லாமே உலக விதியில் தனித்தனிக் குற்றங்கள். விற்றவருக்கும் போட்டுவிட்டவருக்கும் நான்கு ஆண்டு முதல் ஆயுள் தடை வரை உண்டு. சிறாரோ பாதுகாக்கப்பட வேண்டியவரோ சிக்கினால் அவருடைய பயிற்சியாளர் உள்ளிட்டவர்களைத் தானாகவே விசாரிக்க வேண்டும் என்றும், ஒரே பயிற்சியாளரிடம் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சிக்கினால் அவரை விசாரித்தே ஆக வேண்டும் என்றும் விதி சொல்கிறது. 2022ஆம் ஆண்டு தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் நாடாவுக்கு உள்ளே புகுந்து தேடவும் கைப்பற்றவும் அதிகாரம் கொடுத்திருக்கிறது. அதிகாரம் தாளில் இருக்கிறது. மாணவரின் சிறுநீர்க் குப்பிக்கு வரும் அதிகாரி, ஜிம் அலமாரிக்கும் மருந்துக்கடை இருப்புக்கும் கல்லூரி விடுதிக் குளிர்பதனப் பெட்டிக்கும் அதே வேகத்தில் வர வேண்டும்.

இந்த இடத்தில் நாம் பேச வேண்டிய பண்பாட்டுச் சிக்கல் ஒன்று உண்டு. நம் மைதானங்களில் ‘கோச்’ சொன்னால் கேள்வி கேட்கக் கூடாது. காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். ஊசியை நீட்டி “வைட்டமின்” என்றால் கையை நீட்ட வேண்டும். இந்திய அரசு பயிற்சியாளர்களுக்குத் தருகிற உயர்ந்த விருதின் பெயர் துரோணாச்சாரியார் விருது. ஏகலைவனிடம் கட்டைவிரலைக் கேட்டு வாங்கிய ஆளின் பெயரில் விருது. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. சீடனின் உடல் குருவின் சொத்து என்கிற மனநிலை அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அன்று கேட்டது கட்டைவிரலை. இன்று கேட்பது கல்லீரலை. “எதற்கு? இதில் என்ன இருக்கிறது? சீட்டைக் காட்டுங்கள்” என்று கேட்கிற மாணவரைத்தான் பெரியார் வழிவந்த ஒரு சமூகம் வளர்த்திருக்க வேண்டும். பகுத்தறிவு கோயில் வாசலில் மட்டும் கேட்க வேண்டிய கேள்வி அல்ல. பயிற்சி அறையிலும் கேட்க வேண்டியது.

நம் தரப்புக்கும் ஒரு வார்த்தை. ஒடுக்கப்பட்ட வீட்டிலிருந்து வந்த ஒரு வீரர் சிக்கினால், “சதி” என்று உடனே பதிவு போடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அவசரப்படாதீர்கள் தோழர்களே. நான்காவதாக வந்த பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவளும் ஏதோ ஒரு சேரியிலிருந்தோ, செங்கல் சூளையிலிருந்தோ, மீனவக் குப்பத்திலிருந்தோ வந்தவளாக இருக்கலாம். ஊசி போடாமல் ஓடி, பத்தில் ஒரு பங்கு வினாடியில் ரயில்வே வேலையை இழந்தவள். ஊக்கமருந்து முதலில் திருடுவது அவளிடமிருந்துதான். அவளை மறந்துவிட்டுப் பேசும் சமூகநீதி அரைகுறையானது.

இன்னொன்று. ஊக்கமருந்து வழக்குகள் வரும்போதெல்லாம் சாந்தி சௌந்தரராஜன் பெயரையும் சேர்த்துப் பேசுகிறோம். அது அவருக்குச் செய்யும் அநீதி. புதுக்கோட்டை கத்தக்குறிச்சியின் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த தலித் வீராங்கனையான சாந்தி, 2006 தோகா ஆசியப் போட்டியின் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். அவர் எந்த மருந்தையும் எடுக்கவில்லை, எந்தத் தவறும் செய்யவில்லை. பாலினச் சோதனை என்ற பெயரில் பதக்கத்தைப் பறித்தார்கள். அவருடைய பதக்கத்துக்காக இந்திய விளையாட்டு நிர்வாகம் எந்த நீதிமன்றப் படியும் ஏறவில்லை. பின்னாளில் அதே மாதிரியான விதியில் தடுத்து நிறுத்தப்பட்ட டூட்டி சந்துக்கு ஆதரவு கிடைத்தது. 2015 ஜூலையில் நடுவர் நீதிமன்றம் அந்த விதியையே நிறுத்தி வைத்தது. சாந்தியும் கோமதியும் ஒரே வகை வழக்குகள் அல்ல. இரண்டிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: வென்றால் ‘இந்தியாவின் மகள்’, சிக்கல் வந்தால் அவரவர் தலையெழுத்து.

வேறு மாதிரியும் நடக்க முடியும் என்பதற்கு உலகத்தில் உதாரணம் உண்டு. கிழக்கு ஜெர்மனி தன் வீரர்களுக்கு, பள்ளி வயதுச் சிறுமிகள் உட்பட, வைட்டமின் என்று சொல்லி நீல நிற ஸ்டீராய்டு மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் கொடுத்தது. ஜெர்மனி ஒன்றான பிறகு வழக்கு நடந்தது. 2000 ஜூலையில் பெர்லின் நீதிமன்றம் விளையாட்டுத் துறைத் தலைவராக இருந்த மான்ஃப்ரெட் எவால்டையும் மருத்துவர் மான்ஃப்ரெட் ஹொப்னரையும், உடலுக்குத் தீங்கு விளைவிக்கத் துணைபோன குற்றத்துக்காகத் தண்டித்தது. சிறைத்தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட பெண்கள் அது போதாது என்றார்கள். ஆனாலும் ஒரு அடிப்படை நிலைநாட்டப்பட்டது. இளம் வீரருக்கு ஸ்டீராய்டு கொடுப்பது ஆட்டவிதியை மீறுவது மட்டுமல்ல, உடலின் மீதான வன்முறை. 2002இல் பாதிக்கப்பட்ட வீரர்களுக்கு இழப்பீடு தரச் சட்டமே வந்தது. நம் நாட்டில் அந்தக் கோணத்தில் பேச்சுகூடத் தொடங்கவில்லை.

என்ன செய்ய வேண்டும்? பெரிய புரட்சி எதுவும் கேட்கவில்லை. இருக்கிற விதியை மேல்நோக்கியும் பொருத்துங்கள் என்கிறேன்.

முதலாவது, நாடாவின் தடைப் பட்டியலில் இன்னொரு கட்டம் வேண்டும். மாணவர் சிக்கிய ஒவ்வொரு வழக்கிலும் பயிற்சியாளர், மருத்துவர், விற்றவர் பற்றிய விசாரணை நடந்ததா, முடிவு என்ன என்பதைப் பெயருக்குப் பக்கத்திலேயே வெளியிட வேண்டும்.

இரண்டாவது, போட்டிக்கு அணி அனுப்பும் ஒவ்வொரு கல்லூரியும் பல்கலைக்கழகமும், ஆண்டுத் தொடக்கத்திலேயே தமிழில் விழிப்புணர்வு வகுப்பு நடத்தியதற்கு மாணவர் கையெழுத்தோடு சான்று தர வேண்டும். மருந்துப் பெயர்கள், புரோட்டீன் பவுடர் ஆபத்து, குப்பி சோதிக்கும் உரிமை, இருபது நாள் கெடு எல்லாம் அதில் இருக்க வேண்டும். வகுப்பு நடத்தாத நிறுவனத்தின் மாணவர் சிக்கினால், இரண்டாவது குப்பியின் செலவும் வழக்கறிஞர் செலவும் நிறுவனத்தின் தலையில். ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சிக்கினால் கோப்பைப் புள்ளிகளிலும் வெட்டு. புகழில் பங்கு கேட்கிறவர்கள் பழியிலும் பங்கு எடுக்கட்டும்.

மூன்றாவது, தடை என்பது மைதானத்துக்கு மட்டும். படிப்பையும் விடுதியையும் பறிக்கும் இரட்டைத் தண்டனையை உயர்கல்வித் துறை வெளிப்படையாகத் தடை செய்ய வேண்டும். தவறு செய்த மாணவர் பட்டம் பெறாமல் வீட்டுக்குப் போனால் அவர் திருந்தப்போவதில்லை. எங்கள் ஊரில் நேராகக் காண்டிராக்டர் முன்னால்தான் போய் நிற்பார்.

நான்காவது, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. ஜிம்களிலும் மருந்துக் கடைகளிலும் சீட்டில்லா ஸ்டீராய்டு விற்பனையைத் தேட நாடா வர வேண்டியதில்லை. மாநில அரசின் சட்டமே போதும். யாராவது செத்த பிறகு நடக்கும் இரண்டு நாள் சோதனை யாரையும் காப்பாற்றாது.

ஐந்தாவது, நான்காம் இடத்தவர். தடை உறுதியானதும் பதக்கமும் சான்றிதழும் வேலைவாய்ப்புக்கான விண்ணப்பத் தேதிக்குள் அவருக்குப் போய்ச் சேர வேண்டும். மூன்று ஆண்டு கழித்துத் தபாலில் வரும் வெண்கலம் யாருக்கு உதவும்?

கல்லூரியில் ஓடிக்கொண்டோ, தூக்கிக்கொண்டோ, கபடி ஆடிக்கொண்டோ இதைப் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு: உங்கள் உடல் உங்களுடையது. பல்கலைக்கழகத்துக்கோ, கோச்சுக்கோ, ஊர்ப் பெருமைக்கோ அதை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. யாராவது ஊசியோ மாத்திரையோ நீட்டினால் பெயரைக் கேளுங்கள், பெட்டியைக் கேளுங்கள், மருத்துவர் சீட்டைக் கேளுங்கள். அதைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். காட்ட மறுக்கிறவர் உங்களுக்கு என்ன கொடுக்கிறார் என்பது அந்த மறுப்பிலேயே தெரிந்துவிடும். ஏற்கெனவே ஏதாவது போட்டுக்கொண்டிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் உண்மையைச் சொல்லி உடம்பைக் காட்டுங்கள். போட்டுவிட்டவரின் பெயரையும் சொல்லுங்கள். அந்தப் பெயர் எழுதப்படும்வரை அந்தப் பட்டியல் முழுமையாகாது.